ஒரு முகவரி, பல விலாசங்கள்

படிப்பதற்கு முன்

1. உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை சாதனங்கள் இணையத்தைப் பயன்படுத்துகின்றன? எண்ணிப் பாருங்கள்.
2. உங்களுக்குச் சொந்தமான ஒன்றைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளும்போது உங்களுக்கு என்ன பொறுப்பு வருகிறது?

இப்போது பின்வரும் பகுதியைப் படியுங்கள்.

சாப்பாட்டு மேசையே வகுப்பறை

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி, சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தபடி கற்கும் முறைக்கு மாறின. கொவிட்-19 கிருமித்தொற்று பரவாமல் தடுக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. வீடுகளில் சாப்பாட்டு மேசையே வகுப்பறையாக மாறியது. அண்ணனுக்குக் காணொளிவழிப் பாடம். தங்கைக்கு இணையப் பயிற்சி. அப்பாவுக்கு அலுவலகக் கூட்டம். எல்லாம் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் நடந்தன.

எல்லா வீடுகளும் இதற்குத் தயாராக இருக்கவில்லை. சில வீடுகளில் கணினி இல்லை. சில வீடுகளில் கணினி இருந்தும் இணைய இணைப்பு இல்லை. கல்வி அமைச்சும் பள்ளிகளும் ஆயிரக்கணக்கான கணினிகளையும் இணைப்புக் கருவிகளையும் மாணவர்களுக்கு இரவலாகக் கொடுத்தன. ‘என்ஜினியரிங் குட்’ என்னும் அறநிறுவனத்தின் தொண்டூழியர்கள், மக்கள் நன்கொடையாகக் கொடுத்த பழைய மடிக்கணினிகளைப் பழுதுபார்த்து, தேவைப்பட்ட குடும்பங்களுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அந்த நாள்கள் ஓர் உண்மையை எல்லாருக்கும் உணர்த்தின. கையில் கணினி இருந்தால் மட்டும் போதாது. அது இணையத்தோடு பேச வேண்டும். வீட்டிற்குள் வருவதோ ஒரே ஓர் இணைப்பு. அந்த ஓர் இணைப்பைக்கொண்டு ஐந்தாறு சாதனங்கள் எப்படி வேலை செய்கின்றன? ஒரு கணினி தனக்குக் கிடைத்த இணைப்பை மற்றவற்றுக்கு எப்படிக் கொடுக்கிறது? இதை விளங்கிக்கொள்ள, முதலில் இணைய முகவரி என்றால் என்ன என்று பார்ப்போம்.

முகவரிப் பஞ்சம்

வீவக அடுக்குமாடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரி இல்லாவிட்டால் கடிதம் வந்து சேராது. இணையத்திலும் அப்படித்தான். நீங்கள் ஓர் இணையப்பக்கத்தைத் திறக்கும்போது, உங்கள் கணினி ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. அதற்குரிய பதில் திரும்பி வர வேண்டுமானால், அனுப்பியவரின் முகவரி தெரிய வேண்டும். இதுவே ஐபி முகவரி எனப்படுகிறது. அது எண்களால் ஆனது.

நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள ஐபிவி4 முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. இணையத்தை ஆய்வாளர்கள் மட்டும் பயன்படுத்திய காலத்தில் இது மிகப் பெரிய எண்ணிக்கையாகத் தோன்றியது. இன்று உலக மக்கள்தொகையே 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒருவரிடமே கைப்பேசி, மடிக்கணினி, கைக்கடிகாரம் என்று பல சாதனங்கள் இருக்கின்றன. எனவே, ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி கொடுக்க இந்த எண்ணிக்கை போதாது. உலக அளவில் பகிர்ந்தளிக்கப்படாமல் எஞ்சியிருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன.

இந்தப் பஞ்சம் வரும் என்று வல்லுநர்கள் முன்பே கணித்தார்கள். 1994ஆம் ஆண்டில், பல கணினிகள் குறைந்த எண்ணிக்கையிலான வெளி முகவரிகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் வழியொன்று ஆவணமாக வெளியிடப்பட்டது. அதே ஆண்டில், வீடுகளும் அலுவலகங்களும் தங்களுக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ள சில எண் வரிசைகள் ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்கும் முகவரிகளும், 192.168 என்று தொடங்கும் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். இவற்றை உள் முகவரிகள் எனலாம். ஈசூனில் ஒரு வீட்டிலும் ஜூரோங்கில் இன்னொரு வீட்டிலும் ஒரே உள் முகவரி இருக்கலாம், குழப்பம் வராது. ஏனென்றால், அந்த எண் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போவதில்லை.

அப்படியானால், உள் முகவரி மட்டுமே உள்ள கைப்பேசிக்கு வெளியுலகிலிருந்து பதில் எப்படி வந்து சேருகிறது?

கிட்டங்கி காட்டும் வழி

இந்தக் கேள்விக்கான விடையை நம் சிங்கப்பூரின் பழைய வணிக வாழ்க்கையிலிருந்தே விளக்கலாம்.

ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீண்ட கூடம் கொண்ட கட்டடம். அந்த ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள் இயங்கின. ஒவ்வொரு நிறுவனத்தின் முகவரும் தரையில் அமர்ந்து, சிறிய மேசைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு கொடுக்கல் வாங்கலைக் கவனித்தார். பக்கத்தில் அவருக்கென்று ஓர் அலமாரி. கட்டடத்தின் கதவு எண் ஒன்றுதான். ஆனால், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி ‘விலாசம்’ உண்டு.

இன்று நாம் விலாசம் என்றால் முகவரி என்றே பொருள்கொள்கிறோம். செட்டியார் வணிகத்திலோ அச்சொல், நிறுவனத்தை அடையாளம் காட்டும் முதலெழுத்துகளின் தொடரைக் குறித்தது. கதவு எண், கடிதம் எந்தக் கட்டடத்துக்கு வர வேண்டும் என்பதைச் சொல்லும். விலாசம், அது அந்தக் கட்டடத்துக்குள் யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் கடிதம் உரியவர் கையில் சேரும்.

இணையத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. வெளி முகவரி என்பது கிட்டங்கியின் கதவு எண்ணைப் போன்றது. அத்துடன் ஒவ்வொரு தகவல் பொதியிலும் ‘போர்ட் எண்’ என்ற இன்னோர் எண்ணும் உண்டு. அது விலாசத்தைப் போன்றது. போர்ட் எண் 65,535 வரை செல்லும். ஆகவே, ஒரே கதவு எண்ணுக்குப் பின்னால் பல சாதனங்கள் அமர்ந்து, ஒன்றோடொன்று குழம்பாமல் வேலை செய்ய முடிகிறது.

லினக்ஸ் அணிவிக்கும் முகமூடி

இந்தப் பகிர்வை எந்தக் கணினியும் செய்யலாம். அதை வெளிப்படையாகப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஏற்றது லினக்ஸ். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டில் தம் 21ஆம் வயதில் லினக்ஸை உருவாக்கத் தொடங்கினார். அதன் நிரல்வரிகளை யாரும் படிக்கலாம்; மாற்றலாம்; பிறருக்கும் கொடுக்கலாம். பகிர்வதற்கென்றே உருவான மென்பொருள் என்று அதைச் சொல்லலாம்.

அதே 1991இல் சிங்கப்பூரில் ஆய்வாளர்களுக்காக ‘டெக்நெட்’ என்ற இணையச் சேவை தொடங்கியது. 1994இல் ‘சிங்நெட்’ வந்தபோது பொதுமக்களுக்கும் இணையம் கிடைத்தது. மறு ஆண்டே, சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையத்தளத்தில் தமிழ் எழுத்துகள் ஏறின. அந்தப் பணியில் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி முக்கியப் பங்காற்றினார்.

அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வீடுகளுக்கு இணையம் வந்தது. கணினி இணையத்தில் இருக்கும்போது தொலைபேசியில் பேச முடியாது. ஒரு கம்பி, ஒரு கணினி, ஒரு முகவரி என்பதே நிலைமை. வீட்டில் இரண்டாவது கணினி இருந்தால், அது சும்மா இருக்க வேண்டியதுதான். இந்தக் குறையைப் போக்க, 1990களின் நடுப்பகுதியிலேயே லினக்ஸில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு இட்ட பெயரின் பொருள் ‘முகமூடி அணிதல்’ என்பதாகும்.

மன்னர்கள் மாறுவேடம் பூண்டு நகர்வலம் வந்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். இங்கே மாறுவேடம் பூண்டு வெளியே செல்வது தகவல் பொதி. உள்ளே இருக்கும் கைப்பேசியிலிருந்து புறப்படும் பொதி, லினக்ஸ் கணினியின் முகத்தை அணிந்துகொண்டு வெளியே போகிறது. வெளியுலகம் லினக்ஸ் கணினியை மட்டுமே பார்க்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் கைப்பேசி அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூன்று வேலைகள்

இணைப்பைப் பகிரும் லினக்ஸ் கணினி மூன்று முக்கிய வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, உள் முகவரி கொடுப்பது. புதிய சாதனம் ஒன்று வந்து சேர்ந்ததும், “உனக்கு இந்த எண்” என்று ஒரு முகவரியை அதற்கு ஒதுக்குகிறது. “வெளியே எதை அனுப்புவதானாலும் என்னிடம் கொடு” என்றும் சொல்லிவைக்கிறது.

இரண்டாவது வேலை, கடத்திவிடுவது. பொதுவாக ஒரு கணினி, தனக்கு வராத பொதியை எடுத்து வேறோர் இடத்துக்கு அனுப்பாது. அதை அப்படியே விட்டுவிடும். பிறருக்கு வந்த கடிதத்தை நாம் தொடாமல் இருப்பதைப் போன்ற ஒழுங்கு இது. லினக்ஸில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அதன் மதிப்பு 0 என்றால், கணினி தன் வேலையை மட்டும் பார்க்கும். 1 என்று மாற்றினால், பிறருடைய பொதிகளையும் ஏற்று, உரிய திசையில் அனுப்பும். ஓர் எண்தான் மாறுகிறது. ஆனால், அந்த மாற்றத்தோடு அக்கணினி பிறருக்கான பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது.

மூன்றாவது வேலை, பேரேடு எழுதுவது. முகமூடி அணிவித்து அனுப்பினால் மட்டும் போதாது. பதில் வரும்போது அது யாருக்கு உரியது என்று தெரிய வேண்டும். அதற்காக லினக்ஸ் ஒரு கணக்குப்பிள்ளையைப் போல ஒவ்வொரு தொடர்பையும் குறித்துவைக்கிறது. எடுத்துக்காட்டாக,

10.42.0.15 என்ற கைப்பேசி, போர்ட் எண் 50122: வெளியே 50122 என்று அனுப்பப்பட்டது.
10.42.0.23 என்ற மடிக்கணினி, போர்ட் எண் 50122: அதே எண் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதால், வெளியே 61007 என்று மாற்றி அனுப்பப்பட்டது.

61007 என்ற எண்ணுக்குப் பதில் வந்தால், லினக்ஸ் பேரேட்டைப் பார்க்கிறது. “இது மடிக்கணினிக்கு உரியது” என்று அறிந்து, முகவரியை மாற்றி உள்ளே அனுப்புகிறது. இவையெல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்துவிடுகின்றன. பேச்சு முடிந்து சற்று நேரம் ஆனதும், அந்தப் பதிவு பேரேட்டிலிருந்து நீக்கப்படுகிறது.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளிருந்து யாரும் கேட்காத ஒரு பொதி வெளியிலிருந்து வந்தால், பேரேட்டில் அதற்குப் பதிவு இருக்காது. விலாசம் இல்லாத கடிதத்தை எந்த மேசைக்குக் கொடுப்பது? ஆகவே, அது பெரும்பாலும் உள்ளே உள்ள சாதனங்களைச் சென்றடைவதில்லை. ஆனால், இதை மட்டுமே முழுப் பாதுகாப்பு என்று நம்பக்கூடாது. நாமே அறியாமல் ஒரு தீய இணைப்பைச் சொடுக்கினால், அந்தத் தொடர்பு உள்ளிருந்து தொடங்கியதாகவே பேரேட்டில் பதிவாகும்.

செய்து பார்ப்போம்

லினக்ஸில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் பலரும் அறிந்தது உபுண்டு. உபுண்டு உள்ள ஒரு மடிக்கணினிக்கு ஈத்தர்நெட் கம்பி வழியாக இணையம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோரின் அனுமதியோடு, வீட்டுக் கணினியில் இதை முயன்று பாருங்கள்.

1. கம்பியைச் செருகி, மடிக்கணினியில் இணையம் வேலை செய்கிறதா என்று முதலில் சரிபாருங்கள்.
2. கணினியின் அமைப்புகளைத் திறந்து, வைஃபை பகுதிக்குச் செல்லுங்கள்.
3. அங்குள்ள பட்டியலில் ஹாட்ஸ்பாட்டை இயக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள்.
4. ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு பெயரும் எளிதில் ஊகிக்க முடியாத மறைச்சொல்லும் கொடுங்கள். உங்கள் பெயரையோ வீட்டு எண்ணையோ அதில் சேர்க்க வேண்டாம்.
5. கைப்பேசியின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, மறைச்சொல்லைக் கொடுத்து இணையுங்கள்.

மேலே சொன்ன மூன்று வேலைகளையும் லினக்ஸ் தானாகவே செய்துகொள்ளும். கைப்பேசியின் வைஃபை விவரங்களைப் பார்த்தால், அதன் முகவரி பெரும்பாலும் 10.42 என்று தொடங்குவதைக் காணலாம். அது லினக்ஸ் கொடுத்த உள் முகவரி. பிறகு, நம் வெளி முகவரியைக் காட்டும் இணையப்பக்கம் ஒன்றை மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே ஐபிவி4 முகவரி தெரியும். முகமூடியின் வேலையை இப்போது நேரிலேயே பார்த்துவிட்டீர்கள்.

இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். மடிக்கணினியில் வைஃபை கருவி பொதுவாக ஒன்றுதான் இருக்கும். அது ஒரு பக்கம் இணையத்தைப் பெற்றுக்கொண்டே மறுபக்கம் பகிர்வது எல்லாக் கணினிகளிலும் இயலாது. அதனால்தான், கம்பி வழியாகப் பெற்று வைஃபை வழியாகக் கொடுக்கிறோம். அடுத்து, பகிர்வதால் இணைப்பின் மொத்த வேகம் கூடுவதில்லை. ஒருவர் பெரிய கோப்பைப் பதிவிறக்கம் செய்தால், மற்றவரின் காணொளி தடுமாறலாம்.

ஒரு வீட்டில்

தேக்கா சந்தைக்கு அருகில், பஃபலோ ரோட்டில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே வைஃபை பழுதாகிவிட்டது. கம்பி வழி இணைப்பு மட்டும் வேலை செய்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அக்கா, தன் லினக்ஸ் மடிக்கணினியிலிருந்து இணைப்பைப் பகிர்ந்திருக்கிறாள். உயர்நிலை இரண்டில் படிக்கும் தம்பியின் மடிக்கணினியும், பாட்டியின் கைப்பேசியும் அதில் இணைந்திருக்கின்றன.

“அக்கா, பக்கத்து வீட்டு நண்பன் மறைச்சொல்லைக் கேட்கிறான். அவங்க வீட்டிலும் இணையம் இல்லையாம். நாளைக்குள் அறிவியல் ஒப்படைப்பை அனுப்பணும். கொடுத்துவிடட்டுமா?”

“கொஞ்சம் பொறு, தம்பி. இது நம் அம்மா பெயரில் இருக்கும் இணைப்பு. முதலில் அம்மாவைக் கேட்கணும்.”

“ஒப்படைப்பை அனுப்பத்தானே கேட்கிறான்? அவன் தப்பாக எதுவும் செய்யமாட்டான், அக்கா.”

“அவன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், அவன் அந்த மறைச்சொல்லை இன்னொருவருக்குக் கொடுத்தால்? அந்த இன்னொருவர் யாரென்றே நமக்குத் தெரியாது. அவர் என்ன செய்தாலும் வெளியே தெரிவது நம் வீட்டு முகவரிதான்.”

தம்பி பேசாமல் நின்றான். சமையலறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்தார்.

“மறைச்சொல் வேண்டாம், கண்ணு. அவனை இங்கேயே வந்து படிக்கச் சொல். அவன் அம்மாவிடம் நான் சொல்லிவிடுகிறேன். மேசையில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கு.”

“அப்படியே அவனுக்கும் ஒரு தோசை போடு” என்றார் பாட்டி, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த நண்பனுக்கு உதவி மறுக்கப்படவில்லை. இணைப்பின் பொறுப்பும் வீட்டாரின் கையைவிட்டுப் போகவில்லை.

பகிர்தல் வேறு, எடுத்துக்கொள்ளுதல் வேறு

அனுமதியின்றிப் பிறர் இணைப்பைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? 2006ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அப்படி ஒரு வழக்கு நடந்தது. 17 வயது இளையர் ஒருவர், அண்டை வீட்டாரின் வைஃபை இணைப்பை அவருடைய அனுமதியின்றிப் பயன்படுத்தினார். கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. பூட்டாத வீடு என்பதற்காக நாம் உள்ளே நுழைந்துவிட முடியுமா? மறைச்சொல் இல்லாத இணைப்பும் அப்படித்தான்.

அதே 2006ஆம் ஆண்டு டிசம்பரில், பொது இடங்களில் எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ‘வயர்லெஸ்@எஸ்ஜி’ சேவை தொடங்கப்பட்டது. அதுவும் பகிரப்பட்ட இணைப்புதான். ஆனால், கொடுப்பவர் முழு மனத்துடன், விதிமுறைகளை வகுத்துக் கொடுக்கிறார். பெறுபவர் பதிவு செய்துகொண்டு பெறுகிறார். இரண்டு நிகழ்வுகளிலும் தொழில்நுட்பம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு அனுமதியில்தான் இருக்கிறது.

கொடுப்பவருக்கும் கடமைகள் உண்டு. மறைச்சொல் இல்லாமல் இணைப்பைத் திறந்துவைக்கக்கூடாது. இணைந்திருப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். தேவை முடிந்ததும் பகிர்வை நிறுத்திவிட வேண்டும். இணையச் சேவை நிறுவனத்தின் விதிமுறைகளையும் மதிக்க வேண்டும். பள்ளியின் வலையமைப்பிலோ, கற்றலுக்காகப் பள்ளிவழிப் பெற்ற சாதனத்திலோ இதைச் செய்து பார்க்கக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாத கணக்குப்பிள்ளை

இன்று பெரும்பாலான வீடுகளில் இணைப்பைப் பகிர்வதற்குத் தனிக் கணினி தேவையில்லை. தொலைக்காட்சிக்கு அருகிலோ வாசலருகிலோ விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் ரௌட்டர் என்ற சிறிய பெட்டியே அதைச் செய்கிறது. பல ரௌட்டர்களுக்குள் இயங்குவதும் லினக்ஸ்தான். குரோம்புக் மடிக்கணினிகளும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும்கூட லினக்ஸை அடித்தளமாகக் கொண்டவை. லினக்ஸ் என்ற பெயரையே கேள்விப்படாதவர்களும் அதை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்.

ஐபிவி6 என்ற புதிய முறையில் முகவரிப் பஞ்சம் இல்லை. அது உலகெங்கும் பரவிவருகிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி கிடைக்கும் காலத்தில், முகமூடியின் தேவை குறையலாம். அப்போதும், ஓர் இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் இருக்கும். யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, கொடுத்தபின் எப்படிப் பொறுப்பேற்பது என்ற கேள்விகளும் இருக்கும். அவற்றுக்கு எந்தக் கணினியும் தானாக விடை எழுதாது. வீட்டில் இருப்பவர்கள்தான் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

சொற்பொருள்

இரவல் – திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையோடு பெறும் பொருள்
பஞ்சம் – தட்டுப்பாடு
தொண்டூழியர் – ஊதியம் பெறாமல் பொதுப்பணி செய்பவர்
கிட்டங்கி – செட்டியார்கள் தொழில் நடத்திய, தங்கிய கட்டடம்
பேரேடு – கணக்கு எழுதும் பெரிய ஏடு
பொதி – இணையத்தில் அனுப்பப்படும் தகவலின் ஒரு சிறு பகுதி
மறைச்சொல் – உரியவர் மட்டும் அறிந்த நுழைவுச் சொல்
ஒப்படைப்பு – மாணவர் செய்து கொடுக்க வேண்டிய பாடப் பணி

கருத்தறிதல்

1. 2020ஆம் ஆண்டில் மாணவர்கள் எதிர்நோக்கிய இரண்டு சிக்கல்களைக் குறிப்பிடுக.
2. வெவ்வேறு வீடுகளில் உள்ள சாதனங்களுக்கு ஒரே உள் முகவரி இருந்தாலும் குழப்பம் வருவதில்லை. ஏன்?
3. செட்டியார் வணிகத்தில் ‘விலாசம்’ என்ற சொல் எதைக் குறித்தது? இணையத்தில் அதற்கு ஒப்பானது எது?
4. லினக்ஸ் கணினி பேரேடு எழுதாவிட்டால் என்ன நேரும்? உங்கள் சொந்த நடையில் விளக்குக.
5. “ஓர் எண்தான் மாறுகிறது. ஆனால், அந்த மாற்றத்தோடு அக்கணினி பிறருக்கான பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது.” இக்கூற்றைப் பகுதியிலிருந்து சான்று காட்டி விளக்குக.

கலந்துரையாடுக

உரையாடலில் அம்மா எடுத்த முடிவு சரியானதா? அந்த நண்பனால் இவர்களின் வீட்டுக்கு வர இயலாத சூழல் இருந்திருந்தால், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? குழுவில் பேசி, உங்கள் முடிவையும் அதற்கான இரண்டு காரணங்களையும் வகுப்பில் கூறுங்கள்.

செய்து மகிழ்க

உங்கள் வீட்டில் இணைப்பைப் பகிர்ந்துகொள்வதற்கான ஐந்து விதிமுறைகளைக் குடும்பத்தினரோடு சேர்ந்து எழுதுங்கள். பாட்டி, தாத்தா ஆகியோருக்கும் எளிதில் புரியும் தமிழில் அவை அமைய வேண்டும்.